மலையேறாத ரயில்

கொடைக்கானல், பண்ணைக்காடு, பெரியகுளம், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, போடி என்று பழனிமலையைச் சுற்றி வசித்துக்கொண்டு, வீட்டில் முதன்முதலாக ஒரு மாதிரி ரயில் லேஅவுட் போடத் திட்டமிட்டிருக்கும் நண்பர்களுக்கு,



உங்களில் பலர் காட்டிய வரைபடங்களைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. ரயில் அதைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, இரண்டு சுரங்கம் நுழைகிறது, உச்சியில் ஓர் ஏரிக்கரையில் போய் நிற்கிறது. சிலர் அந்த ஸ்டேஷனுக்குக் 'கொடைக்கானல்' என்று பெயர்ப்பலகையே எழுதிவிட்டார்கள். ஊட்டிக்கு இருக்கிற ரயில் நமக்கு இல்லையே என்ற பழைய குறையை ஒரு பிளைவுட் பலகையிலாவது தீர்த்துக்கொள்ளும் ஆசை புரிகிறது. ஆனால் முதல் லேஅவுட்டுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான்: மலை ஏறாதீர்கள். அடிவாரத்தில் நில்லுங்கள். இந்த மடலில் பலகை, தடம், வயர், புல், வானம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் அந்த ஒரு யோசனையிலிருந்துதான் பேசப்போகிறேன்.

நம் ஊர் நிலத்தைப் பாருங்கள். பழனிமலைக்கு ரயில் வந்தது உண்மை; ஏறியதில்லை. 1875-ல் திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடியை நோக்கிப் பாதை போட்ட தென்னிந்திய ரயில்வே, அம்மையநாயக்கனூரில் ஒரு ஸ்டேஷன் வைத்தது. இன்றைய 'கொடைக்கானல் ரோடு' அதுதான். அங்கே இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் மலையடிவாரம் வரை போய், பிறகு குதிரையிலும் டோலியிலும் கால்நடையாகவும் ஏறினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் லாஸ் காட் ரோடு என்னும் மலைச்சாலை திறந்த பிறகு மோட்டார் வண்டி ஏறியது. வடக்கே, 1928-ல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. தெற்கே, அதே 1928-ல் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குப் பாதை வந்தது. மூன்று பக்கமும் ரயில் மலையின் காலைத் தொட்டுவிட்டு நின்றுகொண்டது. தண்டவாளத்தில் ஏறுகிற ஒரே வண்டி பழனி முருகன் கோயில் விஞ்ச். அதுவும் சொந்த பலத்தில் ஏறுவதில்லை, கம்பிவடம் இழுக்கிறது.

பொறியாளர்கள் மலைக்கு ஏன் பணிந்துபோனார்கள் என்பது, அதே மலையை மேஜைமேல் வைத்துக் கணக்குப் போட்டால் புரியும். மாதிரி ரயில்களில் உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ.; அசலில் 87-ல் ஒரு பங்கு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அடிவாரத்தின் உயரத்தைக் கழித்தால் ஏறத்தாழ 1,800 மீட்டர் மிஞ்சும். 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21 மீட்டர், அதாவது ஏழு மாடி உயரம்! இன்னும் சிறிய 'என்' (N) அளவில், 160-ல் ஒரு பங்கில் செய்தாலும் 11 மீட்டர் வரும். இரண்டடி உயரத்துக்கு தெர்மாகோலை அடுக்கி அதற்கு மலை என்று பெயர் வைத்து, அதன் உச்சிக்கு ரயிலை ஏற்றினால் கண் அதை நம்பாது. மலையும் பொம்மையாகும், கூடவே ரயிலும் பொம்மையாகும்.

ஏற்றம் வேறொரு தொல்லை. ஒரு தடத்துக்கு மேலே இன்னொரு தடம் கடக்க வேண்டுமானால், கீழே போகும் பெட்டியின் உயரம், பாலத்தின் தடிமன் எல்லாம் சேர்த்து எச்.ஓ.வில் குறைந்தது ஏழரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற சரிவில் ஏறினால் அதற்கு இரண்டரை மீட்டர் நீளம் ஆகும். கடையில் வாங்கும் எட்டுக்கு நாலு பிளைவுட்டின் முழு நீளமும் அந்த ஓர் ஏற்றத்துக்கே போய்விடும். இறங்குவதற்கு இன்னொரு பலகை வேண்டும். மூன்று சதவீதமே சின்ன இன்ஜினுக்கு அதிகம். வளைவும் சேர்ந்தால் நாலு பெட்டியை இழுக்கவே சக்கரம் சறுக்கும். நீலகிரி ரயில் என்ன செய்தது? கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில், இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜின்களைப் பள்ளத்துப் பக்கம் நிறுத்திப் பெட்டிகளைத் தள்ளச் செய்தது. பல்சட்ட ரயிலுக்கும் மாதிரிகள் விற்கிறார்கள். நாலாவது, ஐந்தாவது லேஅவுட்டுக்கு அருமையான வேலை அது. முதலாவதற்கு வேண்டாம்.

ஆகவே தரை சமமாக இருக்கட்டும், மலை பின்னால் நிற்கட்டும். இப்படி முடிவெடுத்த உடனே பாதித் தலைவலி தீர்ந்துவிடும். எஞ்சிய கேள்வி, அடிவாரத்தில் எந்த ஸ்டேஷன் என்பது.

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்தான் முதலில் மனத்துக்கு வரும். பெயரே ஆசை காட்டுகிறது. ஆனால் அது மதுரை, சென்னை மெயின் லைனில் இருக்கிறது. இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, நீள நீளமான எக்ஸ்பிரஸ்கள். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை வகைப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 21 மீட்டர், எச்.ஓ.வில் கால் மீட்டர். இருபது பெட்டி வண்டி ஐந்து மீட்டர் ஆகிவிடும். உங்கள் ஹாலே அவ்வளவு இருக்காது. பார்த்து ரசிக்க அற்புதமான இடம். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

முதல் முயற்சிக்குப் பொருத்தமானது போடிநாயக்கனூர். பாதை அங்கே முடிகிறது. வடக்கே பழனிமலை, மேற்கே போடிமெட்டு. ரயிலுக்கு மேற்கொண்டு போக இடமில்லை. மீட்டர்கேஜ் வண்டி 2010-ன் கடைசியில் நின்று, அகலப்பாதையாகி, 2023 ஜூன் 15-ல் மறுபடி ரயில் வந்தது. கடைசி ஸ்டேஷனில் வேலை அதிகம், தடம் குறைவு. வண்டி வந்து நிற்கும்; இன்ஜினைக் கழற்ற வேண்டும்; அது பக்கத்து லூப் லைன் வழியாக மறுமுனைக்குப் போய், பெட்டிகளோடு கோத்துக்கொண்டு, திரும்பிப் போகத் தயாராக வேண்டும். ஒரே வண்டி, ஒரே இன்ஜின். ஆனாலும் கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்தில் சிரில் ஃப்ரீஸர் 1957-ல் வெளியிட்ட 'மைனரீஸ்' என்ற ஏழடிக்கும் குறைவான முனையத் திட்டம் இத்தனை காலம் கழித்தும் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டீசல் இன்ஜின் ஒன்று, பெட்டி நாலு: மொத்தம் சுமார் 120 சென்டிமீட்டர். தடத்தின் கடைசியில் இன்ஜின் மட்டும் நிற்க 25 சென்டிமீட்டர். பிறகு தடம் பிரியும் ஒரு பாயிண்ட், 20. அடுத்து வண்டி நிற்கும் லூப், 125. மறுபடி ஒரு பாயிண்ட், 20. கூட்டினால் 190. எட்டடிப் பலகை 244 சென்டிமீட்டர். இன்னும் அரை மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதில் ரயில் காட்சியை விட்டு வெளியேறும். வெளியேறுகிற இடத்தில் எல்லோரும் ஒரு சுரங்கம் வைக்கிறார்கள். நமக்கு வேண்டாம். ஒரு சாலை மேம்பாலமோ, புளியந்தோப்போ, ஆண்டிபட்டிக் கணவாயில் இருப்பதுபோலப் பாறையை வெட்டிய பள்ளமோ போதும். அதற்கு அப்பால் திரைக்குப் பின்னே ஒரு நீளப் பலகை; அதில் இரண்டு மூன்று தடம். அதுதான் உங்கள் மதுரை, சென்னை, உலகம் எல்லாம்.

அசல் போடி ஸ்டேஷன் இவ்வளவு சின்னதா என்று கேட்பீர்கள். இல்லை. தேனிக்கும் போடிக்கும் நடுவே உள்ள சுமார் 15 கிலோமீட்டரை எச்.ஓ.வில் அப்படியே போட்டால் 170 மீட்டருக்கு மேல் போகும். பெரும்பாலான லேஅவுட்டுகள் முழுதாக அசலை அளந்து வைத்தவை அல்ல. அந்த ஊரை அந்த ஊராகக் காட்டுகிறவை எவை என்று நாலைந்தைப் பொறுக்கி, மீதியைச் சுருக்க வேண்டும். போடிக்கு: மலையின் கோடு, பாதை முடியும் இடத்துத் தடுப்பு, ஏலக்காய் மூட்டை, நீளமான மேற்கூரை. பழனிக்கு: சிவகிரி மேல் கோபுரம், காவடியோடு இறங்கும் கூட்டம், பிளாட்பாரத்தில் மஞ்சள் வேட்டிகள். இவை இருந்துவிட்டால் பிளாட்பாரம் பாதியாகக் குறைந்ததை யாரும் அளக்கமாட்டார்கள்.

அளவு பற்றி ஒரு நெருடல் உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தடத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1,676. சரியாகச் செய்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். மீட்டர்கேஜுக்கோ பதினொன்றரை, அதற்கு 12 மில்லிமீட்டர் தடம் உண்டு. பழைய ஒய்.பி. நீராவி இன்ஜின் ஓடிய போடியையோ பழனியையோ செய்ய ஆசைப்பட்டால் அந்தப் பன்னிரண்டுதான் நியாயமான வழி. ஆனால் இன்ஜினின் மேற்கூட்டை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும். முதல் தடவை 16.5-லேயே போடுங்கள். அகலப்பாதை என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று மில்லிமீட்டர் குறைவை ஜல்லி மறைத்துவிடும். 'என்' (N) அளவு பாதி இடத்தில் அடங்கும்; வளைவும் சின்னதாகப் போதும்; ஆனால் தூசியும் தடத்தின் சிறு மேடும் அதில் பெரிய குற்றமாகத் தெரியும். கை நடுங்காதவர்களும் இடமே இல்லாதவர்களும் அதை எடுக்கலாம். மின்கம்பி கட்டும் நுணுக்க வேலையைத் தவிர்க்க, காலத்தை டீசல் ஓடிய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ரயில் சுற்றி வராவிட்டால் என்ன சுகம்?" என்பவர்கள் உங்களில் பாதிப்பேராவது இருப்பீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது நியாயமான கேள்வி. அதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ரயிலைப் பார்க்க ஆசையா, ஓட்ட ஆசையா? பார்ப்பவர்களுக்கு வட்டம் வேண்டும். காபி டம்ளரோடு உட்கார்ந்தால் அது பாட்டுக்கு ஓடும். அவர்கள் எட்டுக்கு நாலு பலகையை முழுதாகவே எடுக்கலாம். ஆனால் அதைச் சுவரோரம் தள்ளக் கூடாது. கை எழுபது, எழுபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. தூரத்து மூலையில்தான் வண்டி எப்போதும் தடம் புரளும். ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் அதே பலகையை ஆசாரியிடம் கொடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். இரண்டடி அகலத்தில் எட்டடிப் பலகை இரண்டு. அறை மூலையின் இரு சுவரோரமும் 'ட' போல வைத்தால் ஒன்று ஸ்டேஷன், இன்னொன்று திரைமறைவுப் பலகை. அறையின் நடு காலியாகவே இருக்கும். வீட்டில் சண்டையும் வராது.

அதற்கும் இடமில்லையென்றால் ஐந்தடிப் பலகை போதும். அதில் ஒட்டன்சத்திரத்தின் கற்பனைக் கூட்ஸ் யார்டு ஒன்று போடலாம். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த 'இங்கிள்நுக்' என்ற ஷண்டிங் புதிர் இது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. இன்ஜின் நிற்கும் தடத்தில் இன்ஜினோடு மூன்று வேகனுக்குத்தான் இடம். மொத்தம் எட்டு நான்கு சக்கர வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசைப்படியே வண்டி கோக்க வேண்டும். இந்த எட்டில் ஐந்தை வரிசையாக அடுக்க 6,720 வழிகள் உண்டு. தக்காளி ஒன்று, முருங்கை ஒன்று, விருப்பாச்சி வாழை ஒன்று, மலைப்பூண்டு ஒன்று என்று சீட்டு எழுதிப்போடுங்கள். வீட்டுக்கு வரும் மாமாக்களும் அத்தைகளும் அரைமணி நேரம் எழுந்திருக்கமாட்டார்கள்.

இனி வேலை. பலகையில் சிக்கனம் பார்க்காதீர்கள். கொடைக்கானலில் இரு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே மூட்டம் நுழையும். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு போன்றவை அந்த ஈரத்தில் ஊதிவிடும். மெரைன் பிளை வாங்கி, மேல், கீழ், அறுத்த விளிம்பு எல்லாவற்றுக்கும் பெயின்ட்டோ வார்னிஷோ அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். அடியில் மூன்று அங்குல அகலப் பிளைவுட் சட்டங்களால் ஏணிபோலச் சட்டகம் அடித்தால் எடைகுறைவு, நெளியாது. பெரியகுளத்திலும் தேனியிலும் இருப்பவர்களுக்கு ஈரத்தைவிட வெயில்தான் எதிரி. தண்டவாளம் சூட்டில் நீளும். இணைப்புகளை ஒன்றோடொன்று முட்டவைக்காமல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் ரயில் கண்ணுக்கு நேரே வரும். பின்னால் உள்ள மலையும் அப்போதுதான் உயரமாகத் தெரியும்.

தடம் வாங்கும்போது நிக்கல் சில்வர் தண்டவாளமாகப் பார்த்து வாங்குங்கள். பித்தளையும் இரும்பும் நம் மலை ஈரத்தில் சீக்கிரம் கறுத்து, மின்சாரத்தைத் தடுக்கும். பாயிண்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி தடம் புரள்வதில் பெரும்பங்கு அங்கேதான். தடத்தை ஒட்டுவதற்கு முன் ஆணியால் லேசாகப் பிடித்துவைத்து, மிக நீளமான பெட்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். விரல் ஓர் இடத்தில் இடறினாலும் அங்கே நாளை இன்ஜின் இடறும். வளைவு வேண்டுமானால் அதன் ஆரம், பெட்டி நீளத்தின் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தால் பார்க்க அழகு. ஐ.சி.எஃப். பெட்டிக்கு அது 75 சென்டிமீட்டர். ஆரம்பநிலை செட்டுகளில் வரும் 36 சென்டிமீட்டர் வளைவில் நீளப் பெட்டி ஓடினாலும் மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

மின்சாரம் பலருக்குப் பயம். முனைய லேஅவுட்டில் பயப்பட ஒன்றுமில்லை. 12 வோல்ட் நேர்மின்சாரம், ஒரு கன்ட்ரோலர், இரண்டு வயர். பலகைக்கு அடியில் முழுநீளத்துக்கும் தடிமனான சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு ஒன்று ஓட்டுங்கள். ஒவ்வொரு மீட்டர் தண்டவாளத்துக்கும் அவற்றிலிருந்து மெல்லிய கிளைவயர் எடுத்துச் சால்டர் வையுங்கள். தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பினால் ஆறு மாதத்தில் கடைக்கோடியில் இன்ஜின் மூச்சுவாங்கும். சிவப்பு எப்போதும் மலைப்பக்கத் தண்டவாளம், கறுப்பு எப்போதும் உங்கள் பக்கம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஆனால் தடம் வளைந்து வந்து தன்னையே சந்திக்கும் கொண்டை வளைவு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே சிவப்புத் தண்டவாளம் சுற்றிவந்து கறுப்பைத் தொடும், உடனே ஷார்ட் சர்க்யூட். முதல் லேஅவுட்டில் கொண்டை வளைவே வேண்டாம். டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறை ஒரே தடத்தில் பல இன்ஜின்களைத் தனித்தனியே ஓட்டும். உங்களுக்கு இப்போது ஓர் இன்ஜின்தான். பின்னாளில் சிப் பொருத்த வசதியுள்ள இன்ஜினாக வாங்கிவைத்தால் போதும். வீட்டு 230 வோல்ட் இணைப்பைத் திறந்து வேலை செய்யும் வீரம் யாருக்கும் வேண்டாம். தரமான அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த நிலையிலேயே, புல்லும் மரமும் வருவதற்கு முன்பே, ஒரு மாதமாவது வெறும் பலகையில் வண்டி ஓட்டுங்கள். எந்த பாயிண்ட் சண்டித்தனம் செய்கிறது, எந்த சைடிங் ஒரு வேகன் நீளத்துக்குக் குறைகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். ஜல்லி ஒட்டிய பிறகு தெரிந்தால் உளியால் பெயர்க்க வேண்டும்.

காட்சி அமைப்புக்கு நம் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படிக்குக் கீழே மணலைக் கொட்டி, கேழ்வரகும் வெந்தயமும் முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டில் குளம் செய்து, பொம்மை ரயிலை நிறுத்திய கைகள்தானே நமக்கு? அதே கைவண்ணம், கொஞ்சம் அளவுணர்வோடு போதும். அசல் பாதையின் ஜல்லி 50, 60 மில்லிமீட்டர், எச்.ஓ.வில் ஒரு மில்லிமீட்டரும் வராது. ஆகவே எம்-சாண்டை மாவுச் சல்லடையில் சலித்து, நடுத்தரக் குருணையை எடுத்துக்கொள்ளுங்கள். தடத்தில் பரப்பி, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, சொட்டுச்சொட்டாக விடுங்கள். காய்ந்தால் கல்லாகிவிடும். பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் மட்டும் ஒரு சொட்டும் போகக் கூடாது. காயவைத்த தேயிலைச் சக்கை உதிர்ந்த சருகு. சாயம் தோய்த்த மரத்தூள் புல். பீர்க்கங்கூடும் தேங்காய்நாரும் புதர். வேலிக்கருவைக்குக் காய்ந்த பூங்கொத்துக் காம்புகள். மண்ணை உங்கள் ஊர் ஸ்டேஷன் சாலையிலிருந்தே எடுத்துச் சலியுங்கள். கடையில் விற்கும் இறக்குமதித் தூளில் அந்தச் செம்மை வராது. காந்தத்தை மட்டும் ஒரு தடவை அதற்குள் ஓட்டிவிடுங்கள். இரும்புத் துகள் இருந்தால் இன்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக மலை. பலகையின் பின்விளிம்பில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலக் கரடு, அவ்வளவுதான் கனம். அதற்குப் பின்னால் எல்லாம் படம். பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கம் இருந்து பார்த்தால் பழனிமலையின் தென்முகம் சுவர்போல எழும்பி நிற்கிறது. விடியற்காலையில் அதை வரிசையாகப் புகைப்படம் எடுத்து ஒட்டி, உங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடிக்கலாம். பளபளப்பில்லாத ரகத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் விளக்கு அதில் மின்னும். வரையத் தெரிந்தவர்கள் வரையலாம். கிட்டத்து மலைக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம் கலந்த பச்சை, அதற்கடுத்ததற்கு வெளிறிய நீலம். உச்சியை வரையவே வேண்டாம், மூட்டத்தில் கரைத்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மீதி உயரத்தைத் தானே எழுப்பிக்கொள்வார். ஏழு மாடி உயரத்தை ஒரு முழத்தில் அடக்க இதைவிட வழி எனக்குத் தெரியாது.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மலிவு இன்ஜினைவிட நன்றாக ஊர்ந்து போகும் ஓர் இன்ஜின் மேல். கடையில் வேகத்தைப் பார்க்காதீர்கள். எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். இந்திய வண்டிகளின் நல்ல மாதிரிகள் குறைவாகவே கிடைக்கின்றன. நம் டபிள்யூ.டி.எம்.-2 டீசலின் வடிவமைப்பு அமெரிக்க ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்த நிறுவனத்தின் அமெரிக்க இன்ஜின் மாதிரி ஒன்றை வாங்கி நம் வண்ணம் பூசினால் தூரத்துச் சொந்தம் தெரியும். பெட்டிகளை அட்டையில் வெட்டியே செய்யலாம். வாங்குவதற்கு முன் ஒரு தடவை சென்னை ஐ.சி.எஃப். பக்கமுள்ள ரயில் அருங்காட்சியகத்தையோ திருச்சியில் உள்ளதையோ பார்த்து வாருங்கள். வடக்கே போகிறவர்கள் புனேயில் ஜோஷி குடும்பத்தார் நடத்தும் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 1998-ல் திறந்தது, நம் நாட்டில் இந்தக் கலையை நேரில் பார்க்கக் கிடைக்கும் அரிய இடங்களில் ஒன்று.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று, அதற்குக் காசு வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் உட்காருங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். அளப்பதற்கு டேப் தேவையில்லை. ஸ்லீப்பர் கட்டைகள் ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். பிளாட்பாரத்தில் நின்றே எண்ணலாம். நிற்கும் ஐ.சி.எஃப். பெட்டி ஒவ்வொன்றும் 21 மீட்டர் அளவுகோல். கேட் எங்கே, தண்ணீர்க்குழாய் எங்கே, டீக்கடை எந்தப் பக்கம், மலை எந்தத் தூணுக்குப் பின்னால் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பழைய செய்தித்தாள்களை எட்டடிக்கு ஒட்டித் தரையில் விரித்து, தடத்தை முழு அளவில் பென்சிலால் வரையுங்கள். தீப்பெட்டிகளை வேகன்களாக வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரு வாரம் அது தரையிலேயே கிடக்கட்டும். ஏழாவது நாளும் அந்தத் தாளில் தீப்பெட்டி நகர்த்த ஆசையாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். அலுத்துவிட்டால் தாளை மடித்துவிட்டு வேறு ஸ்டேஷன் வரையுங்கள். நஷ்டம் ஒரு பென்சில்.

பலகைக்கு மேலே முதல் வண்டி ஓடிய பிறகு, மலை ஏறும் ரயிலைப் பற்றி நாம் மறுபடி பேசலாம். அப்போது பல்சட்டம் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அடிவாரத்து ரயில் ரசிகன்